மருந்து போட்டும் மூன்றாவது முறையாகப் பேன்: எங்கே தப்பு செய்கிறேன்?

அரைத்தூக்கம்
திங்கள், இரவு 10:42

இன்று மாலை மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டில் ஒரு புள்ளி நடந்தது. ஏழாம் வாய்பாட்டுக்குக் கீழே, கோட்டை விட்டு விலகாமல், நிதானமாக. அவள் பென்சில் முனையால் அதை மறித்து, "அம்மா, மறுபடியும் வந்துடுச்சு" என்றாள். அழவில்லை, கத்தவில்லை. மூன்றாவது முறை அல்லவா, பழகிவிட்டது அவளுக்கு. எனக்குத்தான் பழகவில்லை.

விவரம் சொல்லிவிடுகிறேன். வயது 7. இடுப்பு வரை அடர்த்தியான முடி. முதல் முறை வந்தபோது பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் வாங்கி, 10 நிமிடம் வைத்து அலசினேன். மறுநாள் காலை தலையணை உறையில் ஏழெட்டு செத்துக் கிடந்தன. ஒழிந்தது என்று நினைத்தேன். நாலு வாரத்தில் திரும்ப வந்தது. மறுபடி அதே லோஷன். இந்த முறை நன்றாக ஊறட்டும் என்று முக்கால் மணி நேரம் வைத்தேன். அப்போதும் செத்தது. அப்புறம் ஒரு மாதம் நிம்மதி. இதோ இன்று.

வீட்டில் நான், கணவர், 4 வயதுப் பையன், மாமியார். வேறு யாருக்கும் அரிப்பு இல்லை. மாமியார் தினமும் இவள் தலையைப் பிரித்துப் பார்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துவிடுகிறார். போர்வை, திரைச்சீலை, சோபா உறை வரை எல்லாவற்றையும் துவைத்துவிட்டேன். மெத்தைக்குப் பூச்சி ஸ்பிரே அடிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

மருந்துதான் வேலை செய்யவில்லையா? பள்ளியிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறதா? பேசாமல் முடியை வெட்டிவிடலாமா?


ஒருவரி
திங்கள், இரவு 10:51

லோஷனைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். சீப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?


கத்தரி
திங்கள், இரவு 11:05

மொட்டை. ஒரே நாளில் வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் அதுதான் நடந்தது. முடி தானாக வளரும். இதற்குப் போய் ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்க வேண்டாம்.


பழைய சீப்பு
செவ்வாய், காலை 5:58

கத்தரி தம்பி, மொட்டை அடித்தால் பேன் போகும், அதில் சந்தேகமில்லை. பற்றிக்கொள்ள முடி இல்லாவிட்டால் அதற்கு வாழ்வில்லை. ஆனால் 7 வயதுப் பெண் குழந்தைக்கு அது மருந்தா தண்டனையா என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு எட்டு வயதில் பேனுக்காக மொட்டை அடித்தார்கள். இப்போது அறுபது தாண்டிவிட்டது. அன்றைக்கு வகுப்பில் யார் யார் சிரித்தார்கள் என்று இன்னமும் வரிசையாகச் சொல்வேன்.

அம்மாடி அரைத்தூக்கம், மூன்று பெண்களை வளர்த்தவள் நான். கையால் எடுப்பது பேன் பார்ப்பது ஆகாது. கண்ணுக்கு அகப்படுவது கொழுத்து மெதுவாகப் போகும் கிழட்டுப் பேன். வெளிச்சம் பட்டதும் குஞ்சுப்பேன் ஓடி ஒளிந்துவிடும். ஈருளியோ பேன்சீப்போ இல்லாமல் இது தீராது. ஒருவரி சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.


மாலை ஷிப்ட்
செவ்வாய், காலை 9:20

மருந்துக்கடையில் நிற்பவன். இந்தக் கேள்வி வாரத்துக்கு நாலு முறையாவது வரும். பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. மறுநாள் தலையணையில் செத்துக் கிடந்தன என்றீர்கள். அப்படியானால் மருந்து வேலை செய்திருக்கிறது. மருந்துக்குப் பழகிப்போன பேன்கள் இருக்கின்றன, உண்மைதான். பெர்மெத்ரின் வகை மருந்துகளுக்கு அசையாத பேன்கள் பல நாடுகளில் பெருகிவிட்டன. போட்டு 8 முதல் 12 மணி நேரம் கழித்தும் அவை முன்பு போலவே சுறுசுறுப்பாக ஓடினால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். உங்கள் கதை அதுவாகத் தெரியவில்லை.

பெர்மெத்ரின் நடமாடும் பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. ஈர் பொரிய ஏறக்குறைய 7 முதல் 9 நாள் ஆகும். பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் 9 முதல் 12 நாள். வளர்ந்த பெண் பேன் ஒன்று ஒரு நாளைக்கு ஆறு, ஏழு, எட்டு முட்டை வரை இடும், தலையில் ஒரு மாதம் போல உயிரோடு இருக்கும். நீங்கள் முதல் நாள் கொன்றது அன்றைக்கு நடந்துகொண்டிருந்தவற்றை மட்டும். முடியில் ஒட்டியிருந்த ஈர்கள் அடுத்த வாரம் நிம்மதியாகப் பொரிந்தன. கேட்க ஆளில்லை. நாலு வாரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

அதனால்தான் 9ஆம் நாள் இரண்டாவது முறை போடச் சொல்கிறோம். அதற்குள் எல்லா ஈரும் பொரிந்திருக்கும், பொரிந்த குஞ்சு எதுவும் முட்டையிடும் வயதுக்கு வந்திருக்காது. இடையில் அந்தச் சின்ன ஜன்னல் மட்டும்தான் திறந்திருக்கிறது. மருந்து அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. "பேன்தான் செத்துவிட்டதே, எதற்கு இன்னொரு பாட்டில்" என்று என்னிடமே கேட்பார்கள்.

முக்கால் மணி நேரம் வைத்தது தப்பு. 10 நிமிடத்துக்கு மேல் வைத்தால் கூடுதலாக எதுவும் சாகாது, குழந்தையின் தலைத்தோல்தான் எரியும்.

இரண்டு கேள்வி. தலைக்குக் குளிக்க வைத்தபோது கண்டிஷனர் போட்டீர்களா? லோஷனை ஈரம் சொட்டச் சொட்டப் போட்டீர்களா, துவட்டிவிட்டா?


அரைத்தூக்கம்
செவ்வாய், காலை 9:48

ஐயோ சார். இரண்டு முறையும் கண்டிஷனர் போட்டேன், சிக்கு எடுக்கச் சுலபமாக இருக்கும் என்று. தண்ணீர் சொட்டத்தான் லோஷன் தடவினேன். 9ஆம் நாள் விஷயம் இப்போதுதான் தெரியும்.


மாலை ஷிப்ட்
செவ்வாய், காலை 10:15

சரி, நீங்கள் மட்டும் இல்லை. கண்டிஷனர் முடியின் மேல் ஒரு வழுவழுப்பை விட்டுவிடும், மருந்து ஒட்டாது. தண்ணீர் மருந்தை நீர்த்துப்போகச் செய்யும். வெறும் ஷாம்பூ போட்டு அலசி, துண்டால் நன்றாகத் துவட்டி, ஈரப்பதம் மட்டும் இருக்கும்போது வேரிலிருந்து நுனி வரை தடவ வேண்டும். இடுப்பு வரை முடி என்றால் ஒரு பாட்டில் போதாமல் போகலாம். காதுக்குப் பின்னால், பிடரியில் முடி தொடங்கும் இடம், இந்த இரண்டையும் விடாதீர்கள், அங்கேதான் அதிகம் இருக்கும். அலசிய பிறகு ஒன்றிரண்டு நாள் மறுபடி தலைக்குக் குளிக்க வைக்காதீர்கள், முடியில் தங்கும் மிச்ச மருந்தும் வேலை செய்யட்டும்.

மெத்தைக்கு ஸ்பிரே வேண்டவே வேண்டாம். குழந்தை மூச்சில் போவதுதான் மிச்சம். பேன் தலையை விட்டு இறங்கினால் ரத்தம் கிடைக்காமல் ஒன்று, இரண்டு நாளில் செத்துவிடும். கடைசி இரண்டு நாளில் அவள் தலை பட்ட தலையணை உறை, துண்டு, தொப்பி, இவற்றை மட்டும் வெந்நீரில் துவையுங்கள், 54 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். திரைச்சீலையை விட்டுவிடுங்கள், பாவம், அது என்ன செய்தது. நாய், பூனை இருந்தால் அவற்றையும் விட்டுவிடுங்கள், மனிதப் பேன் அவற்றிடம் தங்காது.


வேரடிமண்
செவ்வாய், பகல் 12:30

இந்த ரசாயனமெல்லாம் எதற்கு? சீத்தாப்பழ விதையை அரைத்துத் தலையில் பூசினால் ஒரே நாளில் பேன் செத்து விழும். எங்கள் வீட்டில் காலங்காலமாகச் செய்கிறோம். பக்க விளைவே இல்லை.


மாலை ஷிப்ட்
செவ்வாய், பகல் 12:52

வேரடிமண், பேன் சாகும், மறுக்கவில்லை. அந்த விதையில் பூச்சியைக் கொல்லும் நஞ்சு இருக்கிறது. அந்த நஞ்சுக்குப் பேனின் உடம்பு எது, குழந்தையின் கருவிழி எது என்று தெரியாது. அரைத்த விதை அலசும்போது கண்ணில் வழிந்து, கருவிழி புண்ணாகி, கண்ணைத் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றிக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். செடியிலிருந்து வந்ததால் சாது என்று அர்த்தமில்லை. பெர்மெத்ரினின் மூதாதையே செவ்வந்தி இனத்துப் பூவிலிருந்து எடுத்ததுதான்.

குழந்தை தலையில் எது போட்டாலும், கண்ணை மடித்த துண்டால் மூடிக்கொள்ளச் சொல்லி, தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள்.


கத்தரி
செவ்வாய், பகல் 1:10

மண்ணெண்ணெய்?


மட்டுறுத்துநர்
செவ்வாய், பகல் 1:14

மண்ணெண்ணெய், பெட்ரோல், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து, இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் பதிவுகள் நீக்கப்படும். கேள்வியாகக் கேட்டதால் மேலே உள்ளதை விட்டுவைக்கிறேன்.


பழைய சீப்பு
செவ்வாய், பகல் 2:40

நானே பதில் சொல்கிறேன். என் தங்கைக்கு மண்ணெண்ணெய் தடவித் துணியால் கட்டினார்கள். அடுப்பு பக்கம் போகாதே என்று மட்டும் சொன்னார்கள். தீப்பிடிக்கவில்லை, ஆனால் பிடரி முழுக்கக் கொப்பளித்து இரண்டு வாரம் குப்புறப் படுத்துத் தூங்கினாள். இரண்டாவது வாரமே பேனும் வந்துவிட்டது. ஈர் அப்படியே இருந்ததே.


நேர்வகிடு
செவ்வாய், இரவு 8:05

இரட்டைப் பெண் குழந்தைகளின் அப்பா. போன வருடம் நான்கு மாதம் இதே கூத்து. கடைசியில் மருந்தே இல்லாமல் ஈரச்சீப்பு முறையில் ஒழித்தேன். வேலை அதிகம்தான், ஆனால் பேன் சீப்புக்கு மட்டும் பழகிக்கொள்ள முடியாது.

செய்முறை இது. தலைக்குக் குளித்த ஈரத்திலேயே கண்டிஷனரைத் தாராளமாகப் போடுங்கள். (லோஷன் போடும் நாளில் இல்லை. அது வேறு கணக்கு, மாலை ஷிப்ட் சொல்லிவிட்டார்.) சாதாரணச் சீப்பால் முதலில் சிக்கு எடுத்துவிடுங்கள். அப்புறம் உச்சி முதல் பிடரி வரை நடு வகிடு எடுத்து, விரல் அகலத்துக்கு ஒரு கற்றையாகப் பிரித்து, பேன்சீப்பின் பல் தலைத்தோலைத் தொடும்படி வைத்து, நுனி வரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளை டிஷ்யூவில் துடைத்துப் பாருங்கள்.

முதல் தடவை என்ன தெரியும் என்று சொல்கிறேன். கண்டிஷனர் நுரைக்குள் எள்ளைவிடக் கொஞ்சம் சின்னதாகப் பழுப்பு நிறத்தில் ஒன்று. அழுக்கு என்று நினைப்பீர்கள். இரண்டு விநாடி பாருங்கள், நுரையின் ஓரத்தில் ஒரு கால் மட்டும் மெல்ல நீளும். அப்புறம் இன்னொன்று. ஆறு கால், ஒவ்வொன்றின் நுனியிலும் கொக்கி போல ஒரு நகம். அதை வைத்துத்தான் முடியைப் பிடித்துக்கொண்டு நிமிடத்துக்கு 23 சென்டிமீட்டர் வரை ஓடுகிறது. கண்டிஷனரில் வழுக்கி, திகைத்துப் போய் நிற்கிறது, அதனால்தான் சீப்பில் சிக்குகிறது. காய்ந்த முடியில் பார்த்தால் நீங்கள் வருவதற்கு முன்பே அது அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

நாள் 1, 5, 9, 13. இந்த நான்கு நாளும் தவறக் கூடாது. 17ஆம் நாள் ஒரு பரிசோதனை. ஒரு நாள் விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சமையலறை நாட்காட்டியில் சிவப்பு வட்டம் போட்டு வைத்தேன்.

சீப்பு முக்கியம். லோஷன் பெட்டிக்குள் இலவசமாக வரும் பிளாஸ்டிக் சீப்பின் பல் வளைந்து கொடுத்துவிடும். நெருக்கமான, நீளமான உலோகப் பல் உள்ளதாகப் பாருங்கள்.

2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. ஈரச்சீப்பு முறையில் 57 சதவீதக் குழந்தைகளுக்குத் தீர்ந்தது, கடை மருந்து ஒரு முறை போட்டவர்களில் 13 சதவீதத்தினருக்கு.


மாலை ஷிப்ட்
செவ்வாய், இரவு 8:31

நேர்வகிடு சொல்லும் ஆய்வு எனக்கும் தெரியும். 57 என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மிச்சப் பேருக்குச் சீப்பிலும் தீரவில்லை. அந்த மருந்துகளையும் ஒரே முறைதான் போட்டார்கள். என் கட்சி இரண்டும் வேண்டும் என்பது: நாள் 1இலும் 9இலும் மருந்து, இடையில் சீப்பு. முதல் நாள் மருந்தை அலசிய பிறகு கண்டிஷனர் இல்லாமல் சீப்பால் வாருங்கள்.

இதிலும் தீராவிட்டால் டாக்டரிடம் போங்கள். வேறு வழியில் கொல்லும் மருந்துகள் உண்டு. டைமெதிகோன் என்பது சிலிகோன், பேனின் உடம்பை மூடி அடைத்துக் கொல்கிறது, நரம்பு நஞ்சு இல்லை, அதனால் பழைய எதிர்ப்பு இங்கே செல்லாது. ஐவர்மெக்டின் 0.5 சதவீத லோஷன் உண்டு. அதே மருந்து மாத்திரையாகவும் உண்டு, ஆனால் அது எடை பார்த்து டாக்டர் எழுதித் தர வேண்டியது, 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குத் தருவதில்லை. பழைய லிண்டேன் யார் வீட்டிலாவது மிச்சம் இருந்தால் தூக்கிப் போடுங்கள், வலிப்பு வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது.

இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்த மருந்தும் வேண்டாம், கையும் சீப்பும்தான்.


பின்பெஞ்ச்
செவ்வாய், இரவு 9:02

எல்லாம் சரி. ஆனால் பேன் இருக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்களே, அவர்களை யார் கேட்பது? என் பையன் சுத்தமான பிள்ளை. பக்கத்தில் உட்காரும் பையனிடமிருந்து ஒட்டிக்கொண்டது. தலையில் ஒரு ஈர்கூட இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்குள் விட வேண்டும்.


வெண்கட்டி
செவ்வாய், இரவு 9:40

22 வருடமாகச் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன், பின்பெஞ்ச் சார். கோபம் புரிகிறது. ஆனால் இரண்டு விஷயம் தவறு.

"சுத்தமான பிள்ளை" என்பது முதல் தவறு. பேனுக்குச் சுத்தமும் தெரியாது, மார்க்கும் தெரியாது. தலைத்தோலும் ரத்தமும் இருந்தால் போதும். அது பறக்காது, குதிக்காது. தலையோடு தலை சேரும்போது ஒரு முடியிலிருந்து இன்னொரு முடிக்கு ஏறிப் போகிறது. அதாவது, கட்டிப்பிடித்து விளையாடுகிற, ஒரே புத்தகத்தில் தலை கவிழ்த்துப் படிக்கிற, நண்பர்கள் உள்ள பிள்ளைகளுக்குத்தான் வரும்.

இரண்டாவது, ஈர் இல்லை என்று எழுதி வாங்குவது. உங்கள் கண்ணுக்கு முதல் பேன் தெரியும்போது அது தலையில் குடியேறி ஒரு மாதமாவது ஆகியிருக்கும். ஒரு மாதம் எல்லோரோடும் உட்கார்ந்த பிள்ளையை இன்று வெளியே நிறுத்தி எதைக் காப்பாற்றப் போகிறோம்? செத்த ஈரின் ஓடு மாதக்கணக்கில் முடியில் ஒட்டியிருக்கும். அதற்காகப் படிப்பை நிறுத்துவது நியாயமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே, பேனுக்காகவோ ஈருக்காகவோ நலமாக இருக்கும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது. அன்று மாலை வீட்டுக்குப் போய் மருந்து போட்டால் போதும்.

முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு சிறுமியைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் அப்போது புதிது, வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் அன்றிலிருந்து தலையில் கை வைப்பதை நிறுத்திவிட்டாள். அரிக்கும், ஆனால் சொறிய மாட்டாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொள்வாள்.

இப்போது நான் செய்வது, பெயர் சொல்லாமல் வகுப்பில் எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டுச்சீட்டு: "இந்த வாரம் எல்லோரும் தலையைச் சீப்பால் பார்த்துவிடுங்கள்." எல்லோரும் ஒரே வாரத்தில் பார்ப்பதுதான் விஷயம்.


பின்பெஞ்ச்
செவ்வாய், இரவு 10:03

டீச்சர், சுத்தம் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். மருந்து போடாத வீட்டைப் பற்றிய கோபம் மட்டும் இருக்கிறது, அதை வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம், இதனால் காய்ச்சல் ஏதாவது வருமா? பேனால் டைஃபஸ் வரும் என்று எங்கோ படித்த நினைவு.


மாலை ஷிப்ட்
செவ்வாய், இரவு 10:20

அது உடைப்பேன். துணியின் தையலில் வாழும் இன்னொரு வகை. டைஃபஸைப் பரப்புவது அது என்று 1909இல் துனிஸ் நகரில் கண்டுபிடித்த ஷார்ல் நிக்கோலுக்கு 1928இல் நோபல் பரிசு கிடைத்தது. தலைப்பேன் நோய் பரப்புவதில்லை. சொறிந்து சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தால் மட்டும் டாக்டரிடம் காட்ட வேண்டும், காதுக்குப் பின்னால் நெறிகட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.


கல்வெட்டுப்பித்து
செவ்வாய், இரவு 11:11

இழைக்குச் சம்பந்தம் கொஞ்சம்தான், மன்னிக்கவும். இஸ்ரேலில் லாகீஷ் என்ற பழைய ஊரின் அகழ்வில் 2016இல் தந்தத்தில் செய்த சின்னச் சீப்பு ஒன்று கிடைத்தது. சுமார் 3,700 வருடப் பழையது. ஒரு பக்கம் சிக்கெடுக்கும் பல், இன்னொரு பக்கம் நெருக்கமான பேன்பல். அதில் கீறியிருந்த 17 எழுத்துகளைப் படித்து 2022இல் வெளியிட்டார்கள். முடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் வேரோடு அறுக்கட்டும் என்று வேண்டுதல். அகரவரிசை எழுத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய முழு வாக்கியங்களில் ஒன்று அது. ஆக, மனிதன் எழுதக் கற்றுக்கொண்டதும் முதலில் புலம்பியது இதைப் பற்றித்தான்.


ஒருவரி
புதன், காலை 6:44

மாமியார் தலையை யார் பார்க்கிறார்கள்?


அரைத்தூக்கம்
புதன், காலை 7:15

அவருக்கு அரிப்பே இல்லை என்று எழுதியிருந்தேனே.


மாலை ஷிப்ட்
புதன், காலை 9:05

நானே கேட்டிருக்க வேண்டியது, தவறவிட்டேன். அரிப்பு என்பது பேன் எச்சிலுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை. முதல் முறை வந்தவர்களுக்கு அது தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். சிலருக்கு வருவதே இல்லை. எனவே "அரிப்பு இல்லை" என்பது பரிசோதனை ஆகாது. கண்ணால் பார்ப்பதும் ஆகாது. ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. உயிருள்ள பேன் இருந்த தலைகளில் வெறும் கண்ணால் கண்டுபிடித்தது மூன்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை, ஈரச்சீப்பு பத்தில் ஒன்பதைப் பிடித்தது.

தினமும் குழந்தையின் தலைக்கு மேல் தன் தலையைக் குனிந்து பார்ப்பவர் யார்? அவளோடு ஒரே கட்டிலில் படுப்பவர் யார்? வீட்டில் ஐந்து தலைக்கும் ஒரே நாளில் சீப்பு போடுங்கள். உயிருள்ள பேன் கிடைத்தவர்களுக்கு மருந்து. ஒரே படுக்கையில் படுப்பவருக்கு, கிடைக்காவிட்டாலும் போட்டுவிடுவது நல்லது.


அரைத்தூக்கம்
புதன், இரவு 11:30

ஒருவரி, உங்கள் கையைக் காட்டுங்கள், கும்பிட வேண்டும்.

மாமியார் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. "என் தலையில் இருந்தால் எனக்குத் தெரியாதா?" என்றார். மகள்தான் சமாளித்தாள்: "பாட்டி, நீங்க எனக்குப் பார்த்தீங்கல்ல, இப்ப நான் பார்க்கிறேன்." கொண்டையை அவிழ்த்து, கண்டிஷனர் போட்டு, நேர்வகிடு அண்ணன் சொன்னபடி விரல் அகலக் கற்றையாகப் பிரித்து வாரினேன். நரைமுடியில் பேன் தெரியாது என்று யார் சொன்னது, தாளில் துடைத்ததும் பளிச்சென்று தெரிந்தது. பதினொன்று. பிடரிக்குக் கீழே பூனைமுடியில் ஈர் வரிசையாக ஒட்டியிருந்தது, கோத்து வைத்த மாதிரி.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "என்னால்தானா குழந்தைக்கு?" என்றார். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது அத்தை, அவளிடமிருந்து உங்களுக்கு வந்து, மருந்து போட்ட பிறகு உங்களிடமிருந்து அவளுக்குத் திரும்பியிருக்கும் என்றேன். உண்மையும் அதுவாகத்தான் இருக்கும். ராத்திரி இருவரும் ஒரே தலையணைதான்.

கணக்கு: மகளுக்கு 34, மாமியாருக்கு 11, எனக்கு 2 (இதை எழுதும்போதே தலை அரிக்கிறது). கணவருக்கும் பையனுக்கும் பூஜ்யம். மூன்று பேரும் கண்டிஷனரைப் போகக் கழுவி, துவட்டி, லோஷன் போட்டுக்கொண்டோம். 10 நிமிடம், கடிகாரம் பார்த்து. மகள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அட்டவணை போட்டிருக்கிறாள். அவளுடைய கரடிப் பொம்மையைப் பாலித்தீன் பையில் கட்டி அலமாரி மேல் வைத்திருக்கிறோம். இரண்டு வாரம் சிறை என்று அவளே தீர்ப்புச் சொன்னாள்.


பழைய சீப்பு
வியாழன், காலை 6:10

உன் மாமியாரிடம் சொல்லம்மா, என் தலையிலும் இரண்டு தடவை வந்திருக்கிறது, இரண்டு தடவையும் பேத்திகளிடமிருந்து. பேரப்பிள்ளைகள் மடியில் வந்து படுக்கிற வீட்டில் இதெல்லாம் நடப்பதுதான்.


அரைத்தூக்கம்
ஞாயிறு, இரவு 9:50

நாள் 5. மகளுக்கு 9. எல்லாமே குட்டி, கண்ணாடி போல வெளிறிய குஞ்சுப்பேன்கள். பார்த்ததும் மனது உடைந்துவிட்டது. மருந்து போட்டும் ஒன்பதா? மாமியாருக்கு 3, எனக்கு இல்லை.


நேர்வகிடு
ஞாயிறு, இரவு 10:08

உடையாதீர்கள், சகோதரி. பெரியது ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இவை மருந்து போட்ட பிறகு பொரிந்தவை. போன இரண்டு முறையும் இந்த ஒன்பதும் இருந்தன, நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்று எடுத்ததால் இவை வளர்ந்து முட்டையிடப் போவதில்லை. வியாழக்கிழமை மறக்காதீர்கள்.


அரைத்தூக்கம்
அடுத்த வியாழன், இரவு 10:15

நாள் 9. வாரிப் பார்த்துவிட்டு மறுபடி லோஷன் போட்டோம், மூன்று பேரும். மகளுக்கு 2, மாமியாருக்கு 0, எனக்கு 0.

மகளுக்குத் தலை இன்னும் அரிக்கிறது என்கிறாள். இது என்ன?


மாலை ஷிப்ட்
வெள்ளி, காலை 9:12

ஒவ்வாமை அடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும், மருந்தும் தோலை வறட்டும். அரிப்பை வைத்து மூன்றாவது தடவை லோஷன் போட்டுவிடாதீர்கள். சீப்பில் உயிருள்ளது வந்தால் மட்டும் பேசலாம்.


அரைத்தூக்கம்
அதற்கடுத்த வெள்ளி, இரவு 9:35

நாள் 13 பூஜ்யம். இன்று நாள் 17, அதுவும் பூஜ்யம். மூன்று தலையும். மகள் அட்டவணையில் சிவப்பு மையால் வட்டம் போட்டாள், வீட்டுப்பாட நோட்டில் டீச்சர் போடுவதைப் போலவே.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். முடியில் அங்கங்கே வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, தலைத்தோலிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி. இழுத்தால் வரவில்லை. நகத்தில் வைத்து நசுக்கினேன், சத்தமே இல்லை.


பழைய சீப்பு
வெள்ளி, இரவு 9:44

சத்தம் வராவிட்டால் கூடு. உயிருள்ள ஈர் "டிக்" என்று வெடிக்கும்.


மாலை ஷிப்ட்
வெள்ளி, இரவு 9:58

அம்மா சொல்வது சரி, கணக்கிலும் அதுதான் வருகிறது. பேன் தலைத்தோலை ஒட்டி, சூடு கிடைக்கும் இடத்தில்தான் முட்டையிடும், பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்குள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அது இரண்டு மாதத்துக்கு முந்தைய முட்டையின் ஓடு. உங்கள் முதல் ரவுண்டில் வந்தது. பொடுகாக இருந்தால் விரலால் தள்ளியதும் நழுவிவிடும், ஈர்க்கூடு பசை போட்டது போல நிற்கும். கண்ணுக்கு உறுத்தினால் சீப்பால் எடுங்கள், இல்லாவிட்டால் முடி வளர வளர அதுவும் கீழே இறங்கும்.

இன்னும் சில வாரத்துக்கு வாரம் ஒருமுறை சீப்பு போட்டுவிடுங்கள்.


அரைத்தூக்கம்
வெள்ளி, இரவு 10:20

சரி சார். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்திருக்கிறோம். மாமியாரே கேட்கிறார், "எனக்கு எப்போது பார்ப்பாய்" என்று. பேன் எதுவும் இல்லை என்று தெரிந்தும் பேத்தி முன்னால் கொண்டையை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

கரடியை இப்போதுதான் அலமாரியிலிருந்து இறக்கினேன். மகள் அதன் காதுக்குப் பின்னால் சீப்பு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கைக்கு எடுத்துப் போனாள்.